புரை முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 66 வயது. றக்வானைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை. இரத்தினபுரியில் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். வலது கண்ணின் கோர்னியா கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, ஒபரேஷனில் அங்குள்ள கலங்கள் பாதிக்கப்படலாம், கவனமாகச் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா பயந்துபோயிருக்கிறார். "இன்னும் கொஞ்சம் தெரியுதுதானே, நல்லா முத்தட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார். அப்பாவும் அதையே சொல்கிறார். டொக்டர் சொன்னதற்கு என்ன அர்த்தம்? ஒபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். டொக்டர் சொன்னது பயமுறுத்தல் இல்லை, நல்ல எச்சரிக்கை. கோர்னியா பலவீனமாக இருக்கும் ஒருவருக்குப் புரையை முற்றவிடுவதுதான் ஆபத்தை மேலும் கூட்டும். ஏன் என்பதையும், அம்மாவும் நீங்களும் செய்ய வேண்டியவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தக் கலங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

கண்ணின் முன்பக்கம், கருப்பாகத் தெரியும் பகுதிக்கு மேலே, கண்ணாடிபோல் ஒரு படலம் மூடியிருக்கிறது. அதுதான் கோர்னியா. கண்தானத்தில் இறந்தவரிடமிருந்து எடுக்கப்படும் விழிவெண்படலம் என்பதும் இதுவே. நடுவில் இதன் தடிப்பு சுமார் அரை மில்லிமீற்றர். புரை வருவது இதில் அல்ல. இதற்குப் பின்னால், கண்மணிக்கும் பின்னால் இருக்கும் லென்ஸ் கலங்குவதுதான் புரை.

கோர்னியாவின் உட்பக்கத்தில், ஒரே ஒரு வரிசையாக, அறுகோண வடிவக் கலங்கள் நெருக்கமாக ஒட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீர் கோர்னியாவுக்குள் எந்நேரமும் ஊறிக்கொண்டேயிருக்கும். ஊறும் நீரை இந்தக் கலங்கள் இரவு பகலாக வெளியே தள்ளுகின்றன. இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக்கல் குழிகளில் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓயாமல் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பம்பு நின்றால் குழி நிரம்பிவிடும். அதே போல இந்தக் கலங்கள் போதாமல் போனால் கோர்னியா நீர் ஏறி வீங்கி, கண்ணாடித் தன்மையை இழந்து வெளுத்துவிடும்.

இவற்றின் பெரிய குறை ஒன்று உண்டு. தோலில் காயம் பட்டால் புதுக் கலங்கள் பெருகி ஆறிவிடும். இந்தக் கலங்கள் மனிதக் கண்ணில் அப்படிப் பெருகுவதில்லை. ஒன்று செத்தால் பக்கத்துக் கலம் விரிந்து அந்த இடத்தை மூடும், அவ்வளவுதான். வளர்ந்த ஒருவருக்கு ஒரு சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 2500 முதல் 3000 கலங்கள் இருக்கும். வயதோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.6 சதவீதம் தானாகவே குறையும். எண்ணிக்கை 500 அளவுக்கு இறங்கினால் கோர்னியா தெளிவாக இருப்பது கடினம். சாதாரண ஆளுக்கு ஆயுள் முழுவதற்கும் போதுமான இருப்பு இருக்கிறது. அந்த இருப்பு ஏற்கெனவே குறைந்திருப்பவருக்குத்தான் ஒபரேஷனின் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உங்கள் அம்மாவின் டொக்டர் சொன்னது இதைத்தான்.

ஒபரேஷனில் கலங்கள் ஏன் சாகின்றன?

லென்ஸுக்கு முன்னால், கோர்னியாவுக்குப் பின்னால், கண்ணின் உள்நீர் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அதன் ஆழம் சுமார் 3 மில்லிமீற்றர். கருவிகள் போவதும் வருவதும், கலங்கிய லென்ஸின் துண்டுகள் வெளியேறுவதும், புது லென்ஸ் உள்ளே போவதும் இந்த ஒடுங்கிய இடத்துக்குள்தான். கோர்னியாவின் உட்கலங்கள் அந்த அறையின் கூரையில் இருக்கின்றன.

அவற்றுக்குக் கேடு நாலைந்து வழிகளில் வரும். கருவியோ லென்ஸோ நேரே உரசலாம். உடைந்த புரைத்துண்டுகள் நீரோட்டத்தில் சுழன்று கூரையில் மோதலாம். புரையை உடைக்கும் அல்ட்ராசவுண்ட் ஊசியின் அதிர்வும் சூடும் தாக்கலாம். கண்ணுக்குள் ஓடவிடும் திரவமோ, உள்ளே செலுத்தும் மருந்தோ, கருவியில் ஒட்டியிருக்கும் சுத்திகரிப்பு இரசாயனமோ நஞ்சாகலாம்.

இந்தப் பாடத்தை உலகம் நிறையக் கண்களை இழந்துதான் கற்றது. 1949 நவம்பர் 29ஆம் திகதி லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். அதன் பின் 1950களில் சிலர் லென்ஸைக் கண்மணிக்கு முன்னால், கோர்னியாவுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்கள். அப்படி வைத்த பல கண்களில் வருடங்கள் போகப்போகக் கோர்னியா வீங்கி வெளுத்தது. 1967இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் கெல்மன் அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையைத் தொடங்கியபோதும் ஆரம்ப காலத்தில் கோர்னியா பாதிப்பு அதிகமாகவே இருந்தது. இன்று புரை ஒபரேஷன் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், அந்தக் காலத்து வைத்தியர்கள் இந்தக் கலங்களைக் காக்க ஒவ்வொரு படியிலும் வழி கண்டதுதான்.

முற்றவிடுவது ஏன் ஆபத்து?

"நல்லா முத்தட்டும்" என்ற சொல் ஒரு காலத்தில் வைத்தியர்கள் வாயிலிருந்தே வந்தது. அப்போது லென்ஸை அதன் பையோடு முழுதாக வெளியே எடுத்தார்கள். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வசதி பரவலாக இல்லை, தடித்த மூக்குக்கண்ணாடிதான். பார்வை முழுதும் போன பிறகு செய்வதில் அன்று ஓர் அர்த்தம் இருந்தது. இன்று அந்த முறை இல்லை. சொல் மட்டும் லயத்துக்கு லயம் தொடர்ந்து வருகிறது.

புரை முற்ற முற்ற லென்ஸின் கரு கடினமாகி மஞ்சளிலிருந்து பழுப்புக்கும், பழுப்பிலிருந்து கருமைக்கும் போகிறது. இளம் புரையை இயந்திரம் சில நொடி அதிர்வில் கரைத்துவிடும். பழுப்புப் புரையை உடைக்கப் பலமடங்கு சக்தி வேண்டும், அதிக நேரம் வேண்டும், அதிக திரவம் ஓட வேண்டும். துண்டுகளும் கூர்மையாக இருக்கும். கோர்னியாவின் கலங்களுக்கு இவை எல்லாமே இழப்பு. ஒபரேஷன் செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடினமான புரையின் விலையை அந்தக் கலங்கள் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. முற்றிய புரை தண்ணீர் இழுத்து ஊதி, கண்ணுக்குள் நீர் வடியும் வழியை அடைக்கலாம். அல்லது பழுத்துக் கசிந்து அழற்சியை உண்டாக்கலாம். இரண்டிலும் கண்ணின் அழுத்தம் சட்டென்று ஏறும். கடுமையான வலி, சிவப்பு, தலையிடி, வாந்தி வரும். அந்த அழுத்தம் பார்வை நரம்பையும் கெடுக்கும், கோர்னியாவின் உட்கலங்களையும் கொல்லும். வெள்ளை விழுந்த கண் வலித்துச் சிவந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தோட்டத்தில் மக்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். கூடப் போகிறவருக்கும் பேர் போகும். றக்வானையிலிருந்து மாதம்பை, கஹவத்தை, பெல்மதுளை என்று பஸ் ஏறிப் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேல் டிவிஷனில் இருப்பவருக்கு றக்வானை டவுனுக்கு இறங்குவதே ஒரு பயணம். ஆனாலும் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். இன்று சில நாள் பேரை மிச்சப்படுத்தி, நாளை கோர்னியா மாற்றுச் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் கொழும்புக்கும் வீட்டுக்கும் அலைவது எந்த வகையிலும் இலாபமில்லை.

அப்படியானால் எப்போது செய்ய வேண்டும்? அரிசியில் கல் பொறுக்க முடியாதபோது, பஸ் போர்ட்டைப் படிக்க முடியாதபோது, இருட்டில் படி இறங்கத் தடுமாறும்போது, அதாவது அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகத் தொடங்கும்போது செய்யலாம். கோர்னியா பலவீனமாக இருப்பவர் அந்த நேரத்தைக் கடக்கவிடவே கூடாது.

டொக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

கிளினிக்கில் கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் குறைவு. டொக்டர் கேட்காவிட்டாலும் கீழே உள்ளவற்றை நீங்களே சொல்லுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது மிக உதவும்.

1. காலையில் எழுந்ததும் பார்வை அதிகம் மங்கலாக இருந்து, பத்துப் பதினொரு மணிக்குள் தெளிகிறதா? புரையின் மங்கல் அப்படி நேரத்துக்கு நேரம் மாறாது. இமை மூடித் தூங்கும்போது கோர்னியாவின் ஈரம் ஆவியாக வழியில்லை. உட்கலங்கள் குறைந்த கண்ணில் அந்த நீர் தேங்கும். கண் திறந்து காற்றுப்பட்ட பிறகு தெளியும். ஃபூக்ஸ் நோய் என்ற பரம்பரைக் கோர்னியா நோயின் முக்கிய அடையாளம் இது. அந்த நோய் பெண்களுக்கு அதிகம் வரும். ஒபரேஷனுக்கு முன் தெரிந்தால் முறையை மாற்றிச் செய்யலாம்.

2. அந்தக் கண்ணில் எப்போதாவது அடிபட்டதா? தேயிலைக் கொப்பு குத்தியது, விறகுச் சிராய் தெறித்தது, கல் தோண்டும்போது சல்லி பட்டது, புல்லுக்கு அடிக்கும் மருந்து தெறித்தது, எத்தனை வருடத்துக்கு முன் என்றாலும் சொல்லுங்கள்.

3. அந்தக் கண்ணில் முன்பு ஒபரேஷன், லேசர் ஏதும் நடந்ததா? கண் அழுத்த நோய் இருந்ததா? அடிக்கடி சிவந்து வலித்ததா?

4. சீனி வருத்தம் எவ்வளவு காலமாக இருக்கிறது, கடைசிச் சோதனையில் எவ்வளவு வந்தது? நீரிழிவுள்ளவர்களின் கோர்னியாக் கலங்கள் அடியைத் தாங்கும் சக்தியில் குறைந்தவை. சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்து போவது கிருமி தொற்றுவதையும் குறைக்கும்.

5. அப்பா போன்ற ஆண்கள் மூத்திரம் தடையாகப் போவதற்கு டம்சுலோசின் என்ற குளிசை எடுத்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தொய்ய வைக்கும். கண்மணி விரியாமல் போனால் கருவிகளுக்கு இடம் குறைந்து கோர்னியாவுக்கு ஆபத்துக் கூடும். முன்பே தெரிந்தால் டொக்டர் அதற்கு ஆயத்தமாக வருவார். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், இரத்தம் உறையாமல் இருக்க எடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

6. கண்ணுக்குள் இலைச்சாறு, தாய்ப்பால், தேன், கடையில் வாங்கிய சொட்டு என்று ஏதாவது விட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இனி எதையும் விட வேண்டாம்.

இதைக் கேட்ட டொக்டர், கண்ணைத் தொடாமலே படம்பிடிக்கும் ஸ்பெக்கியூலர் மைக்ரோஸ்கோப்பில் கலங்களை எண்ணச் சொல்லலாம். வலி இல்லாத சோதனை, சில நிமிட வேலை. இந்த இயந்திரம் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. இல்லாத இடத்தில், சாதாரணமாகக் கண் பார்க்கும் ஸ்லிட் லாம்பிலேயே அனுபவமுள்ள டொக்டர் கோர்னியாவின் உட்பக்கத்துப் புள்ளிகளையும் வீக்கத்தையும் கண்டுபிடித்துவிடுவார். கோர்னியாவின் தடிப்பை அளப்பதும் உண்டு. தடிப்பு 640 மைக்ரோனைத் தாண்டியிருந்தால் ஒபரேஷனுக்குப் பிறகு வீக்கம் நிலைக்கும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒபரேஷன் மேசையில் டொக்டர் எப்படிக் காக்கிறார்?

முதல் காவல் ஒரு தெளிந்த ஜெலி. கண்ணைத் திறந்ததும் அந்த 3 மில்லிமீற்றர் அறைக்குள் இதை நிரப்புகிறார்கள். அறை சரியாமல் நிற்கவும், கூரையில் இருக்கும் கலங்களுக்கு மெத்தையாகவும் இது உதவுகிறது. அமெரிக்காவில் எண்ட்ரே பலாஸ் என்ற விஞ்ஞானி சேவலின் கொண்டையிலிருந்து சுத்திகரித்தெடுத்த ஹயலூரோனேட்டைக் கொண்டு முதல் கண் ஜெலி உருவானது. ஹீலன் என்ற பெயரில் 1980ஐ ஒட்டிப் பாவனைக்கு வந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது உலகெங்கும் வழமையானதற்கு அது பெரிய காரணம்.

ஜெலியில் வகைகள் உண்டு. ஒன்று பிசுபிசுவென்று கோர்னியாவில் படிந்து, திரவம் ஓடினாலும் இலேசில் கழுவிப்போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்று ஒரே திரளாக நின்று இடத்தை விரித்துத் தரும், வேலை முடிந்ததும் ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும். முதல் வகையைக் கோர்னியாவோடு பூசி, இரண்டாவதை அதன் கீழ் வைத்து இரண்டின் பலனையும் எடுக்கும் முறையைக் கனடாவின் ஸ்டீவ் ஆர்ஷினொஃப் 1999இல் எழுதினார். பலவீனமான கோர்னியாவுக்கு உலகெங்கும் கையாளும் முறை அது. இந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பாலும் கிடைக்கும் விலை குறைந்த மெதில்செலுலோஸ் ஜெலியும் கோர்னியாவில் ஒட்டும் வகைதான். தேவையான நேரத்தில் மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டால் அதிலும் நல்ல காவல் கிடைக்கும்.

இரண்டாவது, வேலை செய்யும் தளம். ஃபேகோ ஊசியைக் கோர்னியாவிலிருந்து முடிந்தவரை தள்ளி, லென்ஸின் பைக்குள்ளேயே வைத்து வேலை செய்வார்கள். புரையை முதலில் கருவியால் பிளந்து சிறு துண்டாக்கிவிட்டால் அல்ட்ராசவுண்ட் குறைவாகவே தேவைப்படும். சக்தியைத் தொடர்ந்து கொடுக்காமல் விட்டு விட்டுக் கொடுக்கும் வசதியும் இன்றைய இயந்திரங்களில் உண்டு.

மூன்றாவது, கண்ணுக்குள் ஓடும் திரவமும் மருந்தும். கண்ணின் உள்நீரின் உப்புச்சமநிலைக்கு நெருக்கமான திரவம் வேண்டும். உள்ளே செலுத்தும் எந்த மருந்தும் பதப்படுத்தும் இரசாயனம் கலக்காததாக இருக்க வேண்டும். கருவிகளைச் சுத்திகரித்த பின் இரசாயன மிச்சம் போக நன்றாக அலச வேண்டும். இதில் தவறினால் 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் கோர்னியா முழுதும் வெளுக்கும் நச்சு அழற்சி வரலாம். இது வைத்தியசாலையின் பொறுப்பு. நல்ல தியேட்டர் தாதியர் இதில் காட்டும் கவனம் யார் கண்ணிலும் படாத பெரிய சேவை.

மெஷினா, கையா?

தோட்டத்தில் அதிகம் கேட்கும் கேள்வி இது. "மெஷின்ல செய்தா நல்லது, கையால செய்தா மட்டம்" என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியல்ல. சிறு வெட்டில், தையல் இல்லாமல், புரையை முழுதாகக் கையால் வெளியே எடுக்கும் முறை ஒன்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் நேபாளத்தில் டொக்டர் சண்டுக் ருயித்தும் இதில் உலகப் புகழ் பெற்றவர்கள். தமிழ்நாட்டில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய வெட்டில் செய்யும் பழைய முறை, கையால் செய்யும் சிறு வெட்டு முறை, ஃபேகோ ஆகிய மூன்றிலும் கோர்னியாக் கலங்களின் இழப்பை ஒப்பிட்டார்கள். மூன்றிலும் 4 முதல் 6 சதவீதத்துக்குள்தான் இழப்பு, பெரிய வித்தியாசமில்லை. நேபாளத்தில் முற்றிய புரைகளில் செய்து 2007இல் வெளியான ஒப்பீட்டில், ஆறு மாதத்தில் பார்வை ஃபேகோ, கைமுறை இரண்டிலும் ஒரே அளவு நன்றாக இருந்தது. மறுநாள் கோர்னியா வீக்கம் கைமுறையில் குறைவாக இருந்தது.

ஆகவே இளம் புரைக்கு ஃபேகோ நல்லது. பாறைபோல் கடினமான புரைக்கும் பலவீனமான கோர்னியாவுக்கும் சில சமயம் கைமுறையே பாதுகாப்பு. எந்த முறை என்பதைக் கண்ணைப் பார்த்த டொக்டர் தீர்மானிக்கட்டும். அவர் கைமுறை என்று சொன்னால், ஏழைகளுக்கு மட்டமான சிகிச்சை என்று மனம் நோக வேண்டாம்.

மேசையில் அம்மாவின் பங்கு

அம்மா விழித்திருக்கும்போதே, கண்ணை மட்டும் மரக்கச் செய்து ஒபரேஷன் நடக்கும். திடீரென்று தலையை அசைத்தால், இருமினால், கருவி கோர்னியாவில் பட்டுவிடலாம். இருமல், தடிமன், மூச்சிழுப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், திகதியை மாற்றித் தருவார்கள். மல்லாந்து அரை மணி நேரம் அசையாமல் படுக்க வீட்டில் சில நாள் பழகட்டும். முதுகு வலியால் படுக்க முடியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். அன்று காலை சீனிக் குளிசை எடுப்பதா, சாப்பிடுவதா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

தியேட்டரில் சிங்களத்தில்தான் பெரும்பாலும் பேசுவார்கள். நாலு சொல் தெரிந்திருந்தால் அம்மா பதறமாட்டார். "ஹெல்லென்ன எபா" என்றால் அசைய வேண்டாம். "எலிய திஹா பலன்ன" என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். "பஹள பலன்ன" என்றால் கீழே பாருங்கள். "உட பலன்ன" என்றால் மேலே பாருங்கள். ஏதும் சொல்ல வேண்டுமானால் தலையை ஆட்டாமல் வாயால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில நாட்கள் பார்வை பனி மூடினதுபோல் இருப்பது பலருக்கு உண்டு. கோர்னியாவில் ஏறிய வீக்கம் அது. மிஞ்சிய கலங்கள் அந்த நீரை மெல்ல வெளியேற்றும். நல்ல கோர்னியாவில் சில நாளில் தெளியும், பலவீனமானதில் சில வாரமும் எடுக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது தெளிகிறதா என்பதுதான் முக்கியம்.

சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின், போத்தலின் நுனி இமையில் படாமல் விட வேண்டும். பால்போல் வெண்மையாக இருக்கும் பிரெட்னிசொலோன் சொட்டை ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டுத்தான் பாவிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். ஒருவரின் போத்தலை இன்னொருவர் பாவிக்க வேண்டாம்.

2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் புரை ஒபரேஷன் செய்துகொண்ட பலரின் கண்கள் பாதிக்கப்பட்டதும், பிறகு அவர்களுக்கு விடப்பட்ட ஸ்டீரொயிட் சொட்டு மருந்து சந்தேகத்தின் பேரில் பாவனையிலிருந்து விலக்கப்பட்டதும் நாடறிந்த செய்தி. அதற்காக மருந்தை விடாமல் இருக்கக் கூடாது. மருந்துப் போத்தலை, முடிந்த பிறகும், எறியாமல் வைத்திருங்கள். கண்ணில் மாற்றம் தெரிந்தால் போத்தலோடு வைத்தியசாலைக்குப் போங்கள்.

தோட்ட வாழ்க்கைக்கென்று சில கவனங்கள் இருக்கின்றன. பீலியில் தலைக்குக் குளிப்பதை டொக்டர் சொல்லும்வரை நிறுத்துங்கள். கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். விறகடுப்பின் முன் குனிந்து ஊதும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். இரவில் கண் மூடியைக் கட்டிக்கொண்டு படுக்கட்டும், தூக்கத்தில் கசக்குவதுதான் பெரிய ஆபத்து. ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பலர். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பதும், விறகுக்கட்டுத் தூக்குவதும், மருந்தடிக்கும் மலையில் நிற்பதும் டொக்டர் அனுமதிக்கும்வரை வேண்டாம்.

வலி கூடுவது, சிவப்பு கூடுவது, தெளிந்த பார்வை திரும்ப மங்குவது, சீழ் வடிவது, வெளிச்சம் தாங்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். கிருமி தொற்றிய கண்ணைச் சில மணித்தியாலத் தாமதம்கூடக் குருடாக்கிவிடலாம்.

கோர்னியா வீங்கியே நின்றுவிட்டால்?

சில வாரங்களுக்குப் பிறகும் தெளியாமல், காலையில் மோசமாக, கண்ணில் கொப்புளம் எழுந்து உறுத்தும் நிலை சிலருக்கு வரும். முதலில் உப்புச் செறிவு கூடிய சொட்டு மருந்து கொடுத்து நீரை இழுத்துப் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் தெளியாவிட்டால், தானமாகக் கிடைத்த கண்ணிலிருந்து உட்கலங்கள் உள்ள மெல்லிய படலத்தை மட்டும் எடுத்து உள்ளே ஒட்டும் சிகிச்சை இருக்கிறது. முழுக் கோர்னியாவையும் மாற்றிய காலத்தோடு பார்க்கும்போது கண் விரைவில் தேறும்.

ஜப்பானில் கியோட்டோ வைத்தியர்கள், ஆய்வுகூடத்தில் வளர்த்த உட்கலங்களை ஊசியால் கண்ணுக்குள் செலுத்தி 11 பேரின் கோர்னியாவைத் தெளிய வைத்ததாக 2018இல் வெளியிட்டார்கள். 2023இல் அந்த நாட்டில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. நமக்கு அது வரக் காலமாகும். நமக்கு இன்று இருப்பது கண்தானம். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பியதிலிருந்து உலகின் பல நாடுகளுக்குப் பார்வை கொடுத்திருக்கிறது. உங்கள் குடும்பத்திலும் கண்தானம் பற்றிப் பேசுங்கள். அதே நேரம், தானக் கண்ணில் வரும் கலங்களும் காலத்தோடு குறையும், உடல் அதை ஏற்காமல் போவதும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. சொந்தக் கலங்களுக்கு ஈடு இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவை

• அம்மாவின் கோர்னியாவில் என்ன கண்டீர்கள், கலங்களை எண்ணிப் பார்க்க வேண்டுமா?
• புரை எவ்வளவு கடினம், இன்னும் எத்தனை மாதம் பாதுகாப்பாகக் காத்திருக்கலாம்?
• எந்த முறையில் செய்யப்போகிறீர்கள்? கோர்னியாவைக் காக்க ஒட்டும் வகை ஜெலி இருக்கிறதா, நாங்கள் வாங்க வேண்டியது ஏதும் உண்டா?
• எந்தக் கண் முதலில்? முதற்கண் தெளிந்ததைப் பார்த்த பிறகுதானே மற்றக் கண்?
• இரவில் வலி வந்தால் எங்கே வர வேண்டும்?

இதைக் கேட்பது டொக்டரை மதிக்காததாகாது. அக்கறையுள்ள டொக்டர் இப்படிக் கேட்கும் குடும்பத்தை விரும்புவார்.

உங்கள் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: லென்ஸ் கலங்கினால் புது லென்ஸ் வைக்கலாம், அரசாங்க வைத்தியசாலையிலேயே வைக்கலாம். கோர்னியாவின் உட்கலங்கள் போனால் திரும்ப வராது. புரை இளசாக இருக்கும்போது செய்தால் அந்தக் கலங்களில் மிகக் குறைவானவையே போகும். பலவீனம் என்று தெரிந்தே கவனமாகச் செய்யப்போகும் டொக்டர் கிடைத்திருப்பது நல்லது. இந்த மாதத்துக்குள்ளேயே கிளினிக் கொப்பியோடு திரும்பப் போய்த் திகதி வாங்குங்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர்களிடமும், நலன்புரி உத்தியோகத்தர்களிடமும், சங்கத் தலைவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கண்ணில் வெள்ளை தெரிந்த பிறகு அனுப்பாதீர்கள். ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஒவ்வொருவரின் பார்வையையும் ஆண்டுக்கு ஒருமுறை லயத்திலேயே பார்த்து, மங்கத் தொடங்கியவர்களை ஒரே நாளில் ஒரே வாகனத்தில் கண் கிளினிக்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒரு நாளுக்கு அவர்களின் பேர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.